முத்துலட்சுமி அம்மையாரைப் பற்றி ஏழு நிமிடம் பேச ஒரு பிள்ளையைத் தயார் செய்வது எப்படி

ஜூலை பிறந்துவிட்டால் போதும், யாராவது ஒரு பிள்ளை ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கும். "டீச்சர், முத்துலட்சுமி ரெட்டி தலைப்பு குடுத்திருக்காங்க. எழுதித் தர்றீங்களா?" டாக்டராக இருந்து சட்டசபைக்குப் போய், சின்னப் பெண்களைப் பொட்டுக்கட்டிக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் தேவதாசி வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர் அவர். ஜூலை 30 அவர் பிறந்த நாள். அவர் பிறந்த புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் நான் வேலை பார்க்கிறேன். சமூக அறிவியல் எடுக்கிறேன். இருபது வருடத்துக்கு மேல் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்திருக்கிறேன். அதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். வீட்டில் பிள்ளையைத் தயார் செய்யும் அம்மா அப்பாவுக்கும் இது உதவும்.

முதலில், எழுதித் தராதீர்கள். நாம் எழுதித் தந்தால் பிள்ளை அதை மனப்பாடம் செய்யும். மேடையில் ஒரு சொல் மறந்தால் அப்படியே நின்றுவிடும். அதற்குப் பதிலாக மூன்று நாள் அதனோடு உட்கார்ந்து பேசுங்கள். நான்காம் நாள் அதுவே எழுதட்டும். நீங்கள் திருத்துங்கள்.

முதல் நாள் ஒரே ஒரு வேலைதான் கொடுப்பேன். வீட்டுக்குப் போய், அம்மாவிடமோ அத்தையிடமோ அக்காவிடமோ, "முத்துலட்சுமி ரெட்டி யார்னு தெரியுமா?" என்று கேட்டு வா. மறுநாள் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "பிள்ளை உண்டானா கவர்மெண்ட்டு பணம் குடுக்குமே, அதுதானே?" ஆமாம், அதுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம். பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய். அந்தப் பிள்ளையே பிறந்தபோதுகூட அவர் பெயரிலுள்ள பணம் அந்த வீட்டுக்கு வந்திருக்கலாம். பேச்சை அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். "நீதி வழுவா நடுவர்களே, அவையில் கூடியிருக்கும் ஆன்றோர்களே" என்று அரை நிமிடத்தைக் கரைக்க வேண்டாம். "அனைவருக்கும் வணக்கம். என் தங்கச்சி பிறந்தபோது எங்கள் வீட்டுக்கு ஒருவர் பெயரில் பணம் வந்தது" என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தபோது, பின்வரிசையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் நிமிர்ந்து பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, "முதல் பெண்" பட்டியல். எந்தப் பிள்ளையின் தாளை வாங்கிப் பார்த்தாலும் முதல் பக்கம் முழுக்க அதுதான் இருக்கும். முதல் பெண் டாக்டர், முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் துணைத் தலைவர். அதில் பாதி தப்பும்கூட. இந்தியாவின் முதல் பெண் டாக்டர் இவர் இல்லை. ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் மருத்துவப் பட்டம் வாங்கிய வருடம் 1886. அதே வருடம்தான் முத்துலட்சுமி பிறக்கிறார். இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அவர்கள் முகம் மாறுவதைப் பாருங்கள். அவர் பிறக்கும்போதே யாரோ இரண்டு பேர் வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்பது எந்தப் பட்டத்தையும்விட நல்ல செய்தி. சட்டசபை விஷயத்திலும் "பிரிட்டிஷ் இந்தியாவின்" என்ற சொற்களை விடாமல் சொல்லப் பழக்குங்கள். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அதற்கு முன்பே சட்டமன்றத்தில் உட்கார்ந்துவிட்டார். விஷயம் தெரிந்த நடுவர் என்றால் இந்த ஒரு இடத்திலேயே மதிப்பெண் ஏறும், அல்லது இறங்கும்.

சரி, பட்டியல் போய்விட்டது. ஏழு நிமிடத்துக்கு என்ன வைப்பது? மூன்று இடங்கள் போதும். புதுக்கோட்டைக் கல்லூரி, சென்னைச் சட்டசபை, அவர் வீட்டு வாசல். மற்றதெல்லாம் ஒரு வரியில் போகட்டும்.

கல்லூரியைப் பேசும்போது, அன்றைக்குப் புதுக்கோட்டை ஒரு தனிச் சமஸ்தானம், தொண்டைமான் மன்னர் ஆட்சி என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே இது மறந்துபோகிறது. மகாராஜா கல்லூரி ஆண்கள் படிக்கிற கல்லூரி. ஒரு பெண் விண்ணப்பம் போட்டதும் பையன்களின் பெற்றோர் எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்த எதிர்ப்பை ஒதுக்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டார், உதவித்தொகையும் கொடுத்தார். அங்கிருந்து 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912-ல் பட்டம். இங்கே நிறைய நேரம் நிற்க வேண்டாம், ஒரு நிமிடம் போதும். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்ததை ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். ஆனால் அந்த வாக்கியத்தில் அவர் வைத்த நிபந்தனை இருக்கட்டும்: தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அந்த நிபந்தனையைச் சொன்னதும் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பெரிய பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளை அங்கே ஒரு மூச்சு நிறுத்தட்டும்.

இதற்கு முன்னால் அம்மா அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் நழுவுகிறார்கள். அப்பா நாராயணசாமி ஐயர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். நான் பார்த்த தாள்களில் பாதிக்கு மேல் அம்மாவின் பெயரே இருக்காது. ஒரு வருடம் என்னிடம் படித்த எட்டாம் வகுப்புப் பெண் இதை அழகாகச் சொல்லிவிட்டு இறங்கினாள். நடுவர் ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "அதை மட்டும் தவிர்த்திருக்கலாமே பாப்பா" என்றார். பேருந்து நிறுத்தத்தில் அந்தப் பெண் அழுதது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏதோ அசிங்கத்தைப் பேசிவிட்டதாக நினைத்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ பேசியது ஒரு அம்மாவின் பெயர், அதில் அசிங்கம் எதுவும் இல்லை என்று சொன்னேன். மறுவருடம் வேறொரு பிள்ளைக்கும் அதையே எழுத வைத்தேன். ஒருபோதும் விடாதீர்கள். அதை எடுத்துவிட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த டாக்டர் தொழிலைக் குறைத்துக்கொண்டு ஒருவர் ஏன் பொட்டுக்கட்டும் வழக்கத்தோடு இருபது வருடம் மல்லுக்கட்டினார் என்பது கேட்பவர்களுக்குப் புரியவே புரியாது. அது அவருடைய சொந்த வீட்டின் வலி.

பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இதை எப்படிச் சொல்வது என்று கேட்பார்கள். நான் சொல்வது இப்படித்தான். "சின்ன வயசிலேயே ஒரு பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்து பொட்டுக்கட்டிவிடுவார்கள். ஆடவும் பாடவும் நன்றாகக் கற்றுக்கொடுப்பார்கள். ஆனால் அவள் மற்றவர்களைப் போலக் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. தன் வாழ்க்கை எப்படிப் போக வேண்டும் என்பதை அவளிடம் யாரும் கேட்க மாட்டார்கள்." இவ்வளவு போதும். அந்தப் பெண்களைக் கேவலமாகப் பேசுகிற ஒரு சொல்கூட வரக் கூடாது. அவர்கள் காப்பாற்றி வைத்த சங்கீதமும் ஆட்டமும் பெரிய சொத்து என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் ஓட்டுரிமை. இதற்கு வகுப்பு முழுவதையும் பயன்படுத்துவேன். வீட்டில் செய்வதென்றால் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தின நாளே, வீட்டு வரி ரசீது யார் பேரில் இருக்கிறது என்று பார்த்து வரச் சொல்லிவிடுவேன். மறுநாள் எல்லோருக்கும் ஒரு துண்டுத் தாள். வகுப்புத் தலைவர் தேர்தல். மேசை மேல் ஒரு சாக்பீஸ் டப்பா, மூடியில் ஓட்டை. எல்லோரும் பெயர் எழுதி மடித்த பிறகு சொல்வேன்: "அம்மா பேரில் ரசீது இருக்கிற பிள்ளைகள் மட்டும் வந்து போடலாம்." போன வருடம் வகுப்பில் 34 பேர். எழுந்து வந்தது 6 பேர். மீதி 28 பேர் கையில் மடித்த தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "எங்க அம்மாதான் டீச்சர் குழுக் கடன் எடுத்து வீட்டையே கட்டுச்சு, ரசீது மட்டும் அப்பா பேர்ல" என்றான். அவன் குரலில் அத்தனை கோபம். அந்தக் கோபம் வந்த பிறகுதான் நான் 1921-ஐப் பற்றிப் பேசவே ஆரம்பிப்பேன்.

ஏனென்றால் அன்றைய ஓட்டு அப்படித்தான் இருந்தது. சொத்தோ, கட்டுகிற வரியோ தன் பேரில் இருந்தால்தான் ஆணுக்கே ஓட்டு. பெண்ணுக்கு அதுவும் இல்லை. 1917 மே மாதம் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தொடங்குகிறது. மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா, அன்னி பெசன்ட் எல்லாம் அதில் இருந்தவர்கள். முத்துலட்சுமியும் அதில் சேர்ந்து உழைத்தார். அந்த டிசம்பரில் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வருகிறார். கசின்ஸ் முதலில் பெண் கல்வியைப் பற்றிப் பேசத்தான் நேரம் கேட்கிறார். அரசியல் விஷயமாக வருபவர்களை மட்டுமே அமைச்சர் பார்ப்பார் என்று பதில் வருகிறது. உடனே மனுவில் ஓட்டுரிமையையும் சேர்த்துவிடுகிறார். சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் போய் நின்றார்கள். இந்தச் சம்பவம் பேச்சில் கட்டாயம் இருக்கட்டும். "அரசியல்னா மட்டும்தான் பார்ப்பீங்களா? சரி, அரசியலே பேசுறோம்" என்று என் பிள்ளை ஒருத்தி கையை இடுப்பில் வைத்துச் சொன்னாள். அது அவளே போட்ட வசனம். கசின்ஸ் சொன்னதாகச் சொல்லக் கூடாது, "என்று நினைத்திருப்பார்கள் போலும்" என்று முடித்துக்கொள் என்றேன். தலைவர்கள் வாயில் நாமாக வசனம் வைப்பது வேண்டாம். இணையத்தில் கிடைக்கும் "சட்டசபையில் முத்துலட்சுமி கொடுத்த பதிலடி" வசனத்தையும் நான் சேர்க்க விடுவதில்லை. ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது. அது இல்லாமலேயே கைதட்டல் வரும்.

அப்புறம் லண்டனில் போட்ட சட்டம், பெண்களுக்கு ஓட்டு உண்டா இல்லையா என்பதை மாகாணச் சட்டசபைகளே முடிவு செய்யட்டும் என்று தள்ளிவிட்டது. 1921-ல் சென்னை மாகாணம் உண்டு என்றது. பிரிட்டிஷ் மாகாணங்களில் இதுவே முந்தியது. ஆணுக்கு என்ன தகுதியோ அதே தகுதியில் பெண்ணுக்கும் ஓட்டு. அந்த நேரத்தில் இங்கிலாந்திலேயே முப்பது வயது ஆகாத பெண்ணுக்கு ஓட்டு கிடையாது, அது 1928-ல்தான் வந்தது. இந்த ஒப்பீட்டைப் பிள்ளை சொல்லும்போது குரலை உயர்த்த வேண்டியதில்லை, விஷயமே உயரமானது. ஆனால் உடனே அடுத்த வாக்கியமும் வர வேண்டும்: சொத்து இருக்கிற பெண்கள் எத்தனை பேர்? சாக்பீஸ் டப்பாவைப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பது என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஓட்டுப் போடலாம், ஆனால் தேர்தலில் நிற்க முடியாது என்ற தடை 1926-ல் விலகியது. கமலாதேவி சட்டோபாத்யாய் நின்று மிகச் சொற்ப ஓட்டில் தோற்றார். முத்துலட்சுமி நியமன உறுப்பினராகச் சட்டசபைக்குள் போகிறார். டாக்டர் தொழில் கெட்டுவிடுமே என்று முதலில் தயங்கியவர் அவர். அந்தத் தயக்கத்தையும் சொல்லச் சொல்லுங்கள், கேட்கிற பெண் பிள்ளைகளுக்கு அது தைரியம் தரும். 1927-ல் துணைத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அதே வருடம் பொட்டுக்கட்டுவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறார்.

இங்கேதான் பேச்சின் நடுப்பகுதி. இரண்டு நிமிடமாவது கொடுங்கள். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது? சாஸ்திரம், சம்பிரதாயம் என்று பேசியவர்களிடமிருந்து வந்தது. பாதிக்கப்பட்டவர்கள் என்று அவர் நினைத்த பெண்களிடமிருந்தும் வந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெரிய கலைஞர்களே எதிர்த்தார்கள். எங்கள் கலையையும் எங்களுக்கு இருக்கும் சொத்துரிமையையும் பறிக்கிறீர்கள் என்பது அவர்கள் கவலை. இதை மறைக்கக் கூடாது. முத்துலட்சுமி செய்தது சரி என்றுதான் நான் முழு மனதோடு நம்புகிறேன். ஆனாலும் எதிர்த்தவர்களுக்கும் ஒரு நியாயம் இருந்தது என்று சொல்லத் தெரிந்த பிள்ளையின் பேச்சுக்குத் தனி எடை இருக்கும்.

நிலத்தைப் பற்றிச் சொல்லாமல் விடாதீர்கள். விவசாய வீட்டுப் பிள்ளைக்கு இது சட்டென்று புரியும். பொட்டுக்கட்டிய பெண்ணுக்குக் கோயில் மானியமாக நிலம் இருக்கும். கோயில் ஊழியம் செய்கிறவரைதான் அதன் அனுபவம். ஊழியத்தை விட்டால் நிலம் போய்விடும். வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வாள்? தன் மகளையும் பொட்டுக்கட்டித்தான் ஆக வேண்டும். 1929-ல் முத்துலட்சுமி கொண்டுவந்த திருத்தம் இந்த முடிச்சை அவிழ்த்தது. நிலத்தை ஊழியத்திலிருந்து பிரித்து, அதை அந்தப் பெண்ணுக்கே சொந்தமாக்கியது. "வழக்கத்தை விடு" என்று சொல்வதற்கு முன்னால், விட்டால் சாப்பாட்டுக்கு வழி என்ன என்று யோசித்திருக்கிறார். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையிலேயே பெரிய காரியம் இதுதான். இது பாடப்புத்தகப் பெட்டிச் செய்தியில் வராது, நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கரும்பலகையில் ஒரு வயல் படம் போட்டு, அதிலிருந்து கோயிலுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு கோடு போடுங்கள். கோயில் கோட்டை அழித்துக் காட்டுங்கள். பிள்ளை மேடையில் அதே கோட்டைக் கையால் காற்றில் அழிக்கும். நான் சொல்லிக்கொடுக்காமலே மூன்று பிள்ளைகள் அப்படிச் செய்தார்கள்.

1930-ல் காந்தியைக் கைது செய்ததும் முத்துலட்சுமி சட்டசபையிலிருந்து விலகிவிடுகிறார். பொட்டுக்கட்டுவதை முழுவதும் தடை செய்த சட்டம் 1947-ல், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில்தான் வந்தது. 1927, 1947. இரண்டு எண்களையும் சொல்லிவிட்டு, நடுவில் எத்தனை வருடம் என்று கூட்டமே கணக்குப் போட விட்டுவிடுங்கள். இந்த இடத்தில் மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பெயரையும் சேர்த்தால் நல்லது. அவரும் ஊர் ஊராகப் போய் இதே வழக்கத்தை எதிர்த்து வேலை செய்தவர்.

நேரம் இருந்தால் மட்டும் 1933. லண்டனில் நாடாளுமன்றக் குழு முன்னால் ராஜகுமாரி அம்ரித் கௌர், பேகம் ஹமீத் அலி, முத்துலட்சுமி மூவரும் பெண்கள் அமைப்புகளின் சார்பில் போய்ச் சாட்சியம் சொல்கிறார்கள். அந்த அமைப்புகள் கேட்டது வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. ஓட்டுரிமை உள்ளவரின் மனைவி என்பதற்காக ஒரு பெண்ணுக்கு ஓட்டுக் கொடுப்பதை அவர்கள் விரும்பவில்லை. 1935-ல் வந்த இந்திய அரசுச் சட்டம் அவர்கள் விரும்பாத அதைத்தான் கொடுத்தது. எல்லோருக்குமான ஓட்டுக்கு அரசியலமைப்புச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால் இதைச் சேர்க்கலாம், சின்னப் பிள்ளைகளுக்குப் பாரம் ஆகிவிடும்.

மூன்றாவது இடம் வீட்டு வாசல். 1930-ல் தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகள் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டுக்கு வருகிறார்கள். விடுதிகளில் சேர்த்துக்கொள்ள மறுக்கிறார்கள். தன் வீட்டிலேயே வைத்துக்கொள்கிறார். அதுதான் அவ்வை இல்லம், பின்னால் அடையாற்றுக்குப் போய் இன்றும் நடக்கிறது. இதைச் சொல்லும்போது பிள்ளை கதவைத் தட்டுவதுபோல மைக் ஸ்டாண்டை விரலால் இரண்டு தட்டுத் தட்டலாம். ஒரே ஒரு முறை, அதுவும் ஒத்திகையில் சத்தம் எவ்வளவு வருகிறது என்று பார்த்த பிறகு.

முடிவை 1954-ல் வையுங்கள். தங்கை புற்றுநோயில் இறந்ததை மறக்காமல், சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்குகிறார். அப்போது அவருக்கு 67 வயது. 12 படுக்கைகள். பத்மபூஷண், மறைந்த தேதி எதுவும் வேண்டாம். "பன்னிரண்டு படுக்கைகள். நன்றி, வணக்கம்." இப்படி முடித்தால், கைதட்ட வேண்டும் என்று கூட்டத்துக்குத் தோன்ற ஒரு வினாடி ஆகும். அதுவரை பிள்ளை அங்கேயே நிற்க வேண்டும், ஓடி வரக் கூடாது.

போட்டி நாளுக்குச் சில விஷயங்கள். மாண்டேகு, கசின்ஸ், மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் என்ற பெயர்களைக் காலையில் பத்து முறை சத்தமாகச் சொல்ல வைத்துவிடுங்கள், நாக்குப் புரள்வது இந்த மூன்றில்தான். கைக்குள் அடங்கும் ஒரு அட்டையில் வருடங்களை மட்டும் எழுதிக் கொடுங்கள்: 1886, 1907, 1917, 1921, 1927, 1929, 1947, 1954. ஆறாவது நிமிடம் எச்சரிக்கை மணி அடித்தால் பதறி வேகம் எடுக்கக் கூடாது. 1933-ஐ விட்டுவிட்டு வாசலுக்குப் போய்விடலாம் என்று முன்பே சொல்லி வையுங்கள். வெந்நீர் ஒரு பாட்டில். மைக் பிள்ளையின் உயரத்துக்கு இல்லையென்றால், இறக்கித் தரும்படி கேட்கிற தைரியத்தையும் ஒத்திகையிலேயே பழக்குங்கள். "அண்ணா, மைக்கைக் கொஞ்சம் இறக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் என் பிள்ளைகள் வணக்கம் சொல்வார்கள்.